அக்காவின் மாத்திரை அட்டை

1

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல். ஊதா நகப்பூச்சு பாதி உரிந்திருந்த அந்த விரல் என் அக்கா மகள் சுகந்தியுடையது. அக்காவின் ஸ்கேன் அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்தபோது, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க அழுத்திப் பிடித்திருக்கிறாள். விரலுக்கு மேலே இருந்த வரியை இரண்டு முறை படித்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் உள்ள கட்டி, சென்ற முறையைவிடப் பெரிதாகியிருக்கிறது.

நான் இருக்கும் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் இன்னும் விடியவில்லை. சென்னை விம்கோ நகரில், அக்கா இருக்கும் பக்கம், வெயில் ஏறியிருக்கும்.

சென்னையில் ஒரு மாலை நாளிதழுக்குத் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவன் நான். மனைவி ரூபிக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை கிடைத்ததால் வந்தோம். இப்போது ஒரு பார்சல் கிடங்கில், யார் எந்த ஷிஃப்டில் வர வேண்டும் என்று அட்டவணை போடுகிறேன். நாங்கள் இங்கே வந்து இறங்கிய தேதியும் அன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ரூபி ஒரு கேக் வாங்குவாள். மேலே எதுவும் எழுதச் சொல்வதில்லை. கொண்டாடுகிறோமா வேறு ஏதாவதா என்பது எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

அக்கா கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுத்து, மெட்ரோ ரயில் தூணுக்குக் கீழே மீன் விற்கிறவள். அதற்கு முந்தைய ஆண்டு அவளுக்கு இருமல் நிற்கவில்லை. காசநோய் என்று நினைத்துச் சளியைச் சோதித்தார்கள், அது இல்லை. பிறகு ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சதைத்துணுக்கு, நுரையீரல் புற்றுநோய் என்ற முடிவு. அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கேட்டாராம், பீடி பழக்கம் உண்டா என்று.

"நான் இன்னா ஹார்பர்ல மூட்ட தூக்கறனா, பீடி வலிக்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலா, விறகுப் புகையா, வேறெதுவுமா என்று சுகந்தி கேட்டதற்கு, தனி ஒருவர் விஷயத்தில் அப்படி விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. சொல்ல முடிந்தது ஒன்றுதான். கட்டியின் மரபணுவில் இஜிஎஃப்ஆர் என்ற இடத்தில் ஒரு மாற்றம் இருக்கிறது. புகைபிடிக்காத பெண்களிடம் அதிகம் காணப்படுவது. அதற்கென்றே ஒரு மாத்திரை உண்டு, ஜெஃபிடினிப். தினம் ஒன்று. மாதாமாதம் மருத்துவமனையிலேயே கொடுப்பார்கள்.

மாத்திரை வேலை செய்தது. இருமல் நின்றது. முதல் மறுஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. கூடவே மூக்கிலும் கன்னத்திலும் பருக்கள் வந்தன. இந்த மருந்துக்கு அது சகஜம், உடம்பில் மருந்து பிடித்திருப்பதன் அடையாளமாகக்கூட எடுத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர்.

"வயசு திரும்புது நைனா," என்றாள் அக்கா வீடியோவில். "அடுத்து தாவணி எடுத்துக் குடு."

2

அன்று எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்பு. வதிவிட அட்டை காலாவதியாகிவிட்டது. புதியது அச்சாகி வரும்வரை ஒரு இடைக்காலச் சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்றோடு இங்கே வேலை செய்யலாம், வாடகை கட்டலாம், அபராதம் கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது.

காத்திருப்பு அறையில் என் எண் வருவதற்குள் சுகந்தி அழைத்தாள். மருத்துவமனை நடைபாதையிலிருந்து பேசினாள். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சருக்கு வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, மாத்திர கேக்கலயாம். கட்டி அதுக்குப் பழகிடுச்சாம். ரெசிஸ்டன்ஸ்ன்னு சொல்றாங்க."

"பழகிடுச்சுன்னா?"

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்பாங்க இல்ல, அந்த மாதிரியாம். மாத்திர போயி துண்டு போட்டுது. இத்தன நாளா அந்த சீட்டுல யாரும் குந்தல, கட்டி வளரல. இப்ப சீட்டு லேசா மாறிப்போச்சி. துண்டத் தள்ளிட்டுக் குந்திக்கறான். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாங்க, நான்தான் அம்மாக்கு இப்டி சொன்னேன்."

பிறகு ரூபியிடம் கேட்டபோது, இதைவிடச் சரியாகத் தன்னாலும் சொல்ல முடியாது என்றாள்.

பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அப்போ வேற துண்டு போட சொல்லு. இதுக்கு இன்னாத்துக்கு ஆளாளுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க?"

வேறு துண்டு உண்டு. ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் சீட்டு எப்படி மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் அந்த மாற்றம் ஒரே இடத்தில்தான் வரும். டி790எம் என்று அதற்குப் பெயர். இரத்தத்திலேயே அதைத் தேடலாம், கட்டியிலிருந்து உதிர்ந்த மரபணுத் துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கும். இருந்தால் அடுத்த தலைமுறை மாத்திரை. இல்லாவிட்டால் மறுபடி நெஞ்சில் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும், அல்லது நேராகக் கீமோ ஊசி.

அக்காவுக்குக் கீமோ ஊசி என்றால் ஆகாது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் எண் வந்தது. மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணியிடம், என் அக்காவுக்குக் கடுமையான நோய், அட்டையைச் சீக்கிரம் தர முடியுமா என்று கேட்க நினைத்தேன். அவசரத்தில் ஜெர்மன் சொல் மாறி, 'என் அக்கா கடினமானவள்' என்று வாயில் வந்துவிட்டது.

"என் அக்காவும்தான்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருத்திச் சொன்னேன். உண்மையாகவே வருந்தினார். பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி என்றால் அவசர மனு போடலாம், உடன்பிறந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை என்றார். நான் சொன்ன இரண்டு வாக்கியங்களுமே உண்மை என்பதை அவருக்கு விளக்கவில்லை.

3

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு, நிருபராக இருந்த காலத்தில் நிறையப் போயிருக்கிறேன். கப்பல் செய்தி இல்லாத நாளில் மீன் விலை எழுதலாம். அக்காவை அங்கே பெரும்பாலும் தேசம்மாளோடுதான் பார்ப்பேன். ஒரு கூடையைத் தனியாக எடுக்க ஒருத்தியால் முடியாது. இரண்டு பேர் சேர்ந்து கேட்பார்கள். இவர்கள் இருவரும் கல்யாணமான புதிதிலிருந்தே கூட்டு.

கூடை கைக்கு வந்ததும் சாக்கை விரித்து மீனைக் கூறு போட வேண்டும். தராசு கிடையாது. ஒருத்தி பிரித்து இரண்டு குவியலாக்குவாள், மற்றவள் தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வாள். பிரித்தவளுக்கு மிஞ்சியது. அதனால் பிரிக்கிறவள் ஒரு சங்கராமீன்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாமல் பார்த்துப் பார்த்துப் போடுவாள். இவ்வளவு காலத்தில் கூறு விஷயமாக அவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வரும்.

"இவ மூஞ்சில முழிச்சா கானாங்கெளுத்திகூட கண்ண மூடிக்கும்," என்பாள் தேசம்மாள்.

"கண்ண மூடுன மீனத்தான்டி நீ வித்துகினு கீற," என்பாள் அக்கா.

அந்த ஆண்டு பங்குனியில் தேசம்மாளுக்கும் அதே நோய் வந்தது. அதே மருத்துவமனை, அதே பிரிவு. எடுத்த சதைத்துணுக்கு நோயைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருந்தது, மரபணுவைப் பார்க்கப் போதவில்லை. மறுபடி ஊசி போட்டு எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. எனவே கீமோ ஊசி ஆரம்பித்தார்கள். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் வாந்தி. சீப்பில் முடி கொத்தாக வந்தது. இரண்டாவது ஊசிக்கு அவள் போகவில்லை. அந்த ஒரு வாரமும் அக்காதான் பக்கத்தில் இருந்து கழுவி விட்டாள்.

அக்காவுக்கு ஊசி ஆகாததன் காரணம் இது.

4

நவம்பர் நடுவில் அக்காவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் மகளிடம் காட்டினேன். பள்ளியில் கடைசி ஆண்டு, உயிரியல் எடுத்திருக்கிறாள். மரபணுப் பெயர்களை என்னைவிட நன்றாக உச்சரித்தாள்.

"பழைய மாற்றம் இருக்கு. டி790எம் இல்லை. இது உங்க சிஸ்டரோடதா?"

"உன் அத்தையோடது," என்றேன்.

"யா, அதான்," என்று தாளைத் திருப்பித் தந்தாள். தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை.

மருத்துவருக்கும் குழப்பம்தான். இரத்தத்தில் தென்படவில்லை என்பதால் இல்லவே இல்லை என்று ஆகாது. கட்டி வேறு பக்கவழியிலும் தப்பித்திருக்கலாம், அப்படி நாலைந்து வழிகள் உண்டு, அவற்றுக்குத் தனித்தனியாகத் தேட வேண்டும். நெஞ்சு ஊசிக்குத் தேதி கொடுத்தார். மாத்திரையைத் தினமும் தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, "தெனம் முழுங்கறேன் டாக்டரம்மா," என்று அக்கா சொன்னதாகச் சுகந்தி சொன்னாள். சுகந்திக்கு ராயபுரத்தில் துணிக்கடை வேலை. காலையில் போனால் இரவுதான் வருவாள். அம்மா எதை விழுங்குகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் அழைத்தபோது அக்கா கடையில் இருந்தாள். தூறல். தலைக்கு மேலே மஞ்சள் தார்ப்பாய். அவள் முகம் தெளிவாக இருந்தது. பருக்கள் அடங்கிவிட்டன என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருந்தார்கள், நானும்தான். கைப்பேசியை மீன்பலகை மேல் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வாடிக்கையாளரிடம் திரும்பினாள். அப்போது சட்டகத்துக்குள் தேசம்மாள் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். மூக்கின் இருபுறமும், கன்னத்திலும், தாடையிலும் சிவப்புப் பருக்கள். அக்காவுக்கு எங்கெங்கே இருந்தனவோ அங்கெல்லாம்.

ரூபியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். "இது வேர்க்குரு இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

"யக்கா, தேசக்கா மூஞ்சில இன்னாது அது?"

"வெயிலு."

"மழை பேஞ்சிகினு கீது."

"அப்போ கொசு."

"கொசு உன்ன உட்டுட்டு அவுங்கள மட்டும் கடிக்குதா?"

தேசம்மாள் கைப்பேசியைப் பிடுங்கினாள். "இன்னாடா பேப்பர்காரா, எந்த ஊர்லயோ குந்திகினு என் மூஞ்சில எத்தினி பருவுன்னு பாத்துகினு கீற? எனுக்கு மாப்ள பாக்கறியா?"

"தேசக்கா, நீங்க அக்காவோட மாத்திரைய சாப்புட்றீங்களா?"

கைப்பேசி கை மாறியது. கொஞ்ச நேரம் தார்ப்பாய்தான் தெரிந்தது. பிறகு அக்காவின் முகம், மிக நெருக்கத்தில்.

"குட்த்தேன். அதுக்கு இன்னா இப்போ? அவளுக்கும் அதே நோவு, அதே ஆஸ்பத்திரி. எனுக்கு நோவாம ஒரு மாத்திர, அவளுக்கு வாந்தி எடுக்க ஊசி. இது இன்னா நாயம்? ஒரு நாளு எனுக்கு, ஒரு நாளு அவளுக்கு. அட்டைய நான்தான் கத்திரிக்கோலால ரெண்டா வெட்னேன். அவ மொதல்ல எடுத்துகினா."

"எப்போலேர்ந்து?"

"அவளுக்கு முடி கொட்னதுலேர்ந்து."

அப்படியென்றால் கோடை முழுவதும். கட்டி வளர்ந்த காலமும் அதுதான். சீட்டு மாறியிருக்க வேண்டியதே இல்லை. துண்டு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுந்திருக்கிறது.

5

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுகந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வதிவிட அட்டை இன்னும் வந்திருக்கவில்லை.

அவள்தான் மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். மருத்துவர் முதலில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாராம். திரும்பி வந்து நெஞ்சு ஊசிக்குக் கொடுத்த தேதியை அடித்தார். மாத்திரை தோற்றுவிட்டதென்று இப்போது சொல்ல முடியாது, அதற்கு முழு அளவு போகவே இல்லை. தினம் ஒன்றாக மறுபடி ஆரம்பித்து, பொங்கலுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அரை அளவில் இருந்த மாதங்களில் கட்டிக்கு நிஜமாகவே பழக்கமாகியிருக்குமா என்று சுகந்தி கேட்டதற்கு, அதையும் அந்த ஸ்கேன்தான் சொல்லும் என்றார்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவளுக்கும் அந்த ரத்த டெஸ்டு எடுங்க. எடுத்தாத்தான் நான் முழுசா முழுங்குவேன்."

"அம்மா, அவங்களுக்கு இந்த மாற்றம் இருக்கான்னே தெரியாது. இல்லைன்னா இந்த மாத்திரை அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

"அதத்தான் நானும் சொல்றேன். தெரியாது இல்ல? தெரிஞ்சிக்க. எனுக்குத் தெரியாம அவ கைலேர்ந்து எப்புடி புடுங்குறது?"

மருத்துவர் அதில் தவறு காணவில்லை. ஆனால் தேசம்மாளின் இரத்தத்தை அனுப்ப அனுமதி வாங்க வேண்டியிருந்தது, முடிவு வரவும் நாளாயிற்று. அத்தனை நாளும் அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்கினாள். நான் தினமும் அழைத்தேன். கெஞ்சினேன், கத்தினேன். ரூபி பேசிப் பார்த்தாள். மீண்டும் இருமல் வந்துவிட்டது, பேசும்போதே கேட்டது.

"பேஜாரு பண்ணாத நைனா," என்பாள். "வெளியூர்லேர்ந்து ஏலம் கேக்காத."

தேசம்மாளின் முடிவு டிசம்பரில் வந்தது. அக்காவுக்கு இருந்த மாற்றம் அவளுக்கு இல்லை. மாத்திரை உள்ள வேறு இரண்டு மாற்றங்களையும் பார்த்திருந்தார்கள், அவையும் இல்லை. இத்தனை மாதமும் அவள் சாப்பிட்டது அவளுடைய கட்டியைத் தொடவே இல்லை. தோலை மட்டும் தொட்டிருந்தது.

மருத்துவரே சொல்லிக்கொள்ளட்டும் என்றாள் சுகந்தி. நானே சொல்கிறேன் என்று அக்கா போனாள். தேசம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாளாம். அக்கா துண்டுக் கதையைச் சொல்லி, உன் கட்டியில் அந்த சீட்டே இல்லையாம்டி என்று முடித்தாள். தேசம்மாள் உரித்துக்கொண்டிருந்த இறாலை உரித்து முடித்தாள்.

"அப்போ இத்தினி மாசமா உன் பங்கத் துன்னு, நான் பருவுதான் சம்பாரிச்சேனா?"

"ஆமா."

"இருமல் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சேடி."

அக்காவும் ஒரு இறாலை எடுத்து உரித்தாள்.

"உன் கட்டி வளந்துட்டிச்சின்னு சுகந்தி பொண்ணு அழுதுச்சே, அது இதனாலயா?"

"யாரு கண்டா? டாக்டருக்கே தெரில."

தேசம்மாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், மிச்சமிருந்த அட்டைத் துண்டுகளைக் கொண்டு வந்து அக்காவின் மடியில் போட்டாள். "எடுத்துகினு போ. நாளைலேர்ந்து தெனம் என் எதிர்ல முழுங்கற. வாயத் தொறந்து காட்டற. ஏமாத்துன, மூஞ்சில தண்ணி ஊத்துவேன்."

"நீ?"

"நான் இன்னா?"

"ஊசிக்குப் போறியா?"

"நீ கூட வந்தா போறேன்."

ஊசி போடும் நாள் வியாழக்கிழமை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, இடையில் வரும் வியாழன்களில் இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அடைத்திருந்தால் ஆட்டோ அங்கேயே நின்றுவிடும் என்று இருவரும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அன்றைக்கு ஏலத்துக்குப் போவதில்லை.

6

பொங்கலுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் அக்காவின் கட்டி சிறியதாகியிருந்தது. முதல்முறை சுருங்கிய அளவுக்கு இல்லை. இந்தத் தடவை படத்தில் விரல் இல்லை, சுகந்தி தாளை மேசை மேல் வைத்து எடுத்திருந்தாள்.

இது எவ்வளவு காலம் தாங்கும் என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். எல்லோருக்கும் ஒருநாள் அந்தப் பழக்கம் வரும், எப்போது என்று தெரியாது, வந்தால் மறுபடி இரத்தத்தில் தேடுவோம் என்றிருக்கிறார். தேசம்மாளுக்கு ஊசியில் கட்டி வளராமல் நிற்கிறது. குறையவில்லை.

என் வதிவிட அட்டை பிப்ரவரியில் தபாலில் வந்தது. படத்தில் இருந்தவனுக்கு என்னைவிட வயது அதிகமாகத் தெரிந்தது. கிடங்கில் விடுப்பு கேட்டிருக்கிறேன், ஈஸ்டர் நெரிசல் முடிந்தபின் பார்க்கலாம் என்றார்கள். அட்டவணை போடுகிறவன் நான்தான் என்பதால், அதில் எங்கேயும் இடமில்லை என்பது எனக்கும் தெரிந்தது. மகளிடம், கூட வருகிறாயா என்று கேட்டேன். தேர்வு இருக்கிறது என்றாள். பிறகு ஒருநாள் தானாகவே வந்து, "அந்த இன்னொரு லேடி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். பெயர் தேசம்மாள் என்று சொன்னேன். சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது.

சென்ற வாரம் வியாழனன்று சுகந்தி வேலைக்குப் போகும் வழியில், மெட்ரோ படிக்கட்டிலிருந்து கைப்பேசியைக் கீழே திருப்பிக் காட்டினாள். தார்ப்பாய், பலகை, தண்ணீர் வாளி எல்லாம் இருந்தன. இருவரும் மருத்துவமனைக்குப் போகும் வியாழக்கிழமைகளில் அந்த இடத்தில் வேறொரு பெண் நண்டு விற்கிறாள்.